கயிற்றுக்குத்தான் தீட்டு

எங்கள் ஊர்க் கிணறு எங்களைத் தேடிக்கொண்டு முகாமுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தண்ணீர்ப் பவுசர் வராமல் விட்டதால் ஆட்கள் பிளாஸ்டிக் கான்களை வரிசையாக வைத்துவிட்டு, கான்களுக்குப் பக்கத்தில் தாங்களும் கான்களைப் போலவே வெறுமையாகக் குந்தியிருந்த நேரம் அது. தூரத்தில் செம்மண் புழுதி எழும்பியது, பவுசர்தான் என்று சனம் எழும்பியது, ஆனால் வந்தது கிணறு. கல்லுக்கட்டோடும், கப்பித் தூணோடும், கப்பியில் தொங்கிய பழைய கயிற்றோடும், தெற்குப் பக்கம் உடைந்து எவரும் பூசாமல் விட்ட சீமெந்து மூலையோடும், உள்ளே பாசியோடும், பாசியில் ஒட்டிய தவளைகளோடும், பின்னேரம் கொட்டிலுக்குத் திரும்புகிற மாட்டைப் போல ஆடி ஆடி வந்து, எங்கள் கூடாரங்களுக்கும் கக்கூசு வரிசைக்கும் நடுவே கிடந்த வெறும் தரையை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, அங்கேயே இருந்துவிட்டது.

ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாய் பின்னால் வந்தது, மாடு பின்னால் வந்தது, ஷெல் பின்னால் வந்தது. கிணறு வருவதற்கு ஏன் இவ்வளவு நாள் எடுத்தது என்றுதான் கேட்டார்கள். கல்லல்லவா, மெல்லத்தான் வரும் என்று சொல்லித் தங்களுக்குள் சமாதானமானார்கள். அது வழியில் எங்கெங்கோ தங்கி, யார் யாருக்கோ தண்ணீர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது என்று மற்ற முகாம்களிலிருந்து பிறகு கதை வந்தது. முட்கம்பி வாசலில் நின்ற ஆமிக்காரன் மட்டும் கொஞ்சம் தடுமாறி மேலிடத்தை வயர்லெஸ்ஸில் கேட்டான். உள்ளே வருவதற்குப் பாஸ் தேவையில்லை, வெளியே போவதற்குத்தான் பாஸ் என்று மேலிடம் சொன்னது. அந்தச் சட்டப்படி நாங்கள் எப்படி உள்ளே வந்தோமோ அப்படியே கிணறும் வந்தது.

"கிணத்துத் தவளையும் வந்திட்டுதம்மா," என்றாள் என் மகள் யசோதினி, கூடார வாசலில் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி.

"அதுகள் எங்களோடையே வந்திட்டுது பிள்ளை," என்றேன் நான், எதிர்ப்பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு. அது தில்லையம்பலத்தாருடைய கூடாரம். ஊரில் அந்தக் கிணறு அவருடைய காணிக்குள்தான் இருந்தது.

யசோவுக்கு அது நிறைமாதம். அவளுடைய புருசன் கடைசி நாட்களில் களப்பைக் கடக்கும்போது இல்லாமல் போனவன், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என்னுடைய பயமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். பவுசர் தண்ணீரில் அடித்த மருந்து வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த மிடறு குடித்த கையோடு திரும்பி வந்தது. தேசிக்காய் விட்டுப் பார்த்தேன், தேயிலை போட்டுப் பார்த்தேன், காய்ச்சி ஆற வைத்து மூக்கைப் பொத்திப் பருக்கிப் பார்த்தேன், எல்லாம் வெளியே வந்தது. சொண்டு வெடித்துவிட்டது. முகாமுக்கு வருகிற மருத்துவமாது அவளுடைய தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி இவவின்ரை உடம்பில நிக்க வேணும். நிக்காட்டில் தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனா. நிற்கிற தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது, இரவும் பகலும் புறுபுறுத்துக்கொண்டே இருந்தேன், பக்கத்துக் கூடாரத்துச் சனம் தறப்பாளை இழுத்து மூடிக்கொண்டது.

கிணறு வந்த அந்தக் காலையில் சனம் விழுந்தடித்து ஓடியது. யார் எந்தப் பகுதி, யார் எந்தச் சாதி என்று நினைக்க ஒருத்தருக்கும் நேரமிருக்கவில்லை. எல்லாக் கையும் ஒரு கயிற்றைப் பிடித்தது. நானும் பிடித்தேன், ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்து முதல் தடவையாகப் பிடித்தேன். ஒரு செம்பு அள்ளிக்கொண்டுபோய் யசோவின் வாயில் வைத்தேன். குடித்தாள். நான் கையை ஏந்திக்கொண்டு காத்திருந்தேன், எதுவும் வெளியே வரவில்லை. இன்னொரு செம்பு குடித்தாள். வயிறு நிறைந்து ஏவறை விட்டாள். "எங்கட தண்ணி," என்று சொல்லிவிட்டுச் சரிந்து படுத்தாள்.

மத்தியானம் அளவில் சனத்துக்குத் தாகம் அடங்கிற்று. தாகம் அடங்கியதும் ஞாபகம் வந்தது.

முகாமுக்கு வந்த நாள் தொட்டு நாங்கள் எல்லோரும் ஒரே வரிசைதான். ஒரே பருப்பு, ஒரே மா, ஒரே கக்கூசு. தில்லையம்பலத்தாருடைய மனுசி மனோன்மணி என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டா. நானும் ஊரில் கூப்பிட்ட "நாச்சியார்" என்ற சொல்லை விழுங்கிவிட்டு "அக்கா" என்று கூப்பிடப் பழகியிருந்தேன். ஒரு நாள் என்னுடைய அடுப்பிலிருந்து நெருப்புக்கூட எடுத்துக்கொண்டு போனா. எங்களூர்க் கோயில் ஐயர் என்னுடைய கேத்திலில் ஊற்றிய தேத்தண்ணியைத்தான் காலமையில் குடித்தார், சீனி காணாது என்று குறை வேறு சொன்னார். பட்டினிதான் எங்களுக்கு ஒரு நல்லது செய்தது என்று நான் முட்டாள்தனமாக நினைத்திருந்தேன்.

மத்தியானம் தில்லையம்பலத்தார் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். வீட்டுக்காரன் வந்துவிட்ட நடை அது. கிணற்றுக்கட்டைத் தடவிப் பார்த்தார், உடைந்த மூலையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு, நிவாரணத்தில் கூரைக்கென்று கொடுத்த தறப்பாளைக் கொண்டுவந்து, கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று, கிணற்றைச் சுற்றி வேலியாகக் கட்டுவித்தார். தன்னுடைய பிள்ளைகளின் தலைக்கு மேல் இல்லாத தறப்பாளை மனிதன் கிணற்றைச் சுற்றிக் கட்டுகிறான், இந்தச் சனத்தை எந்த யுத்தம் வந்து திருத்தும்?

காலையில் எல்லாக் கையும் பட்டதற்கு என்ன செய்வது என்று ஐயரைக் கேட்டார்கள். ஐயர் மஞ்சள் தேடினார், முகாமில் மஞ்சள் இல்லை, நிவாரணக் கறித்தூளைக் கரைத்துத் தெளித்தார். தண்ணீரை எல்லாம் இறைத்து ஊற்ற வேண்டுமே என்று ஒருவர் இழுக்க, ஐயருக்கும் தாகம்தானே, அவர் கொஞ்சநேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தண்ணிக்குத் தீட்டில்லை. கயித்துக்குத்தான் தீட்டு," என்று தீர்ப்புச் சொன்னார். ஊரிலிருந்து கிணற்றோடு அவ்வளவு தூரம் நடந்து வந்த கயிற்றை அவிழ்த்துக் கொளுத்தினார்கள். நிவாரண நிறுவனம் புதிதாக ஒரு நைலோன் கயிறும் மஞ்சள் வாளியும் கொடுத்தது. அதை இனி யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று தறப்பாள் வேலிக்குப் பின்னால் முடிவானது.

பின்னேரம் நான் செம்போடு போனேன்.

"பவளம், அங்கையே நில்," என்றா மனோன்மணி. தங்கச்சி என்ற சொல் கயிற்றோடு சேர்ந்து எரிந்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கிற்று. "பாத்திரத்தைக் கீழை வை. நான் ஊத்திவிடுறன்."

"அக்கா, பிள்ளைக்குத் தண்ணி…"

"எந்த அக்கா?"

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். மகளுக்குத் தண்ணீர் வேண்டும். "நாச்சியார், ஊத்திவிடுங்கோ," என்றேன். எட்டத்தில் நின்று உயரத்திலிருந்து ஊற்றினா. பாதி செம்பில், பாதி மண்ணில்.

அவர்களுக்கு நேரமிருக்கிறபோது ஊற்றினார்கள். மத்தியான நித்திரை கொள்ளும்போது ஊற்றவில்லை, விரத நாளில் ஊற்றவில்லை, தங்களுக்குள் சண்டை பிடித்தால் ஊற்றவில்லை. நான் கிணற்றடியில் மணிக்கணக்காக நின்றேன். கிணறு என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்த கிணற்றுக்கு இன்னும் பத்தடி நடந்து என்னுடைய வாசலுக்கு வரத் தெரியவில்லையா என்று அதையும் ஏசினேன். கிணறு கிணறுதான், காணிக்காரன் சொல்கிற இடத்தில் இருந்து பழகியது.

அந்தக் கிணற்றை வெட்டியவர் என்னுடைய மனிசன். ஊரில் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடி வைத்துத்தான் கிணறு இறக்க வேண்டும். கடைசி வெடி பிந்தி வெடித்து அவருடைய வலக்கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை, ஊற்று அதற்குள் பொங்கிவிட்டது. தில்லையம்பலத்தாருடைய தகப்பன் ஒரு வேட்டியும் ஒரு குலை வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார், அடுத்த நாள் ஐயரைக் கூட்டிவந்து கிணற்றுக்குத் துடக்குக் கழித்தார். அதற்குப் பிறகு என்னுடைய மனிசன் சாகும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க மூன்று விரல் கையைத்தான் ஏந்தினார்.

நிவாரண நிறுவனத்திலிருந்து ரொமிலா மிஸ் வந்தா. நகரத்துப் பிள்ளை, நீல நிறக் கையில்லாச் சட்டை, கையில் எந்நேரமும் ஒரு தண்ணீர்ப் போத்தல். எங்களுக்குக் கை கழுவப் படிப்பித்தவவும் இவதான். பவுசர் வராத ஒரு நாள், எல்லோரையும் வெயிலில் இருத்தி, "இப்ப தண்ணி இருக்கிற மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ," என்று சொல்லி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வெறுங்கையை வெறுங்கையால் தேய்க்க வைத்தவ. நாங்களும் தேய்த்தோம். படம் எடுத்தார்கள்.

கிணற்றைக் கண்டதும் மிஸ்ஸுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அது எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. ஒரு பெரிய பலகை கொண்டுவந்து நட்டார்கள், அந்தக் கிணறு யாரோ தூரதேசத்து மக்களின் அன்பளிப்பு என்று மூன்று பாசையில் எழுதியிருந்தது. கிணற்றுப் பராமரிப்புக் குழு ஒன்று வேண்டும் என்றா மிஸ். தில்லையம்பலத்தார் தலைவர், ஐயர் ஆலோசகர், பெண்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதால் மனோன்மணி பெண் பிரதிநிதி. கிணறு இருக்கிற இடத்துக்குப் பவுசர் எதற்கு என்று, எங்கள் பகுதிக்கு வந்த பவுசரை அடுத்த நாளே நிறுத்தினார்கள்.

நான் மிஸ்ஸின் வாகனத்துக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"மிஸ், அவையள் எங்களை அள்ள விடுகினமில்லை. ஊத்தினால்தான் எங்களுக்குத் தண்ணி. என்ரை பிள்ளை நிறைமாதம். பவுசரையாவது விடுங்கோ."

மிஸ் கண்ணாடியைப் பாதி இறக்கினா. உள்ளேயிருந்து குளிர் வந்தது. "அம்மா, உங்கட பிரச்சினை எனக்கு விளங்குது. ஆனால் அது உங்கட சமூகத்தின்ரை கலாசாரம். அதுக்குள்ள நாங்கள் கை வைக்கேலாது. நாங்கள் நடுநிலை."

"நடுவில நிண்டால் மிஸ், ஒரு வாளி பிடிச்சு ஊத்தலாமே?"

மிஸ் சிரித்தா. கண்ணாடி ஏறியது.

கிணற்றுத் திறப்பு விழாவுக்கு வெள்ளைக்கார விருந்தினர் வரப்போகிறார்கள் என்று முகாமே பரபரத்தது. தானாக வந்து தானாகத் திறந்து கிடந்த கிணற்றைத் திறக்க விழா. வாழைக்குட்டி கட்டி, கதிரை போட்டு, வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். பன்னீர்ச் செம்பில் பன்னீர் இல்லாததால் கிணற்றுத் தண்ணீரையே நிறைத்து வைத்தார்கள். கிணற்றைச் சுற்றிச் சிவப்பு நாடா. முகாமிலிருந்த ஒரேயொரு அம்புலன்ஸ் விருந்தினருடைய வாகனங்களுக்குப் பின்னால் நின்றது, அவர்களுக்கு வெயில் பட்டு மயக்கம் வந்தாலும் என்று.

அன்று காலையில்தான் யசோவுக்கு வலி வந்தது. முதல் நாள் அவர்கள் வாழைக்குட்டிக்கு ஓடித் திரிந்ததால் எங்களுக்கு ஒருத்தரும் ஊற்றவில்லை. பவுசர் இல்லை. செம்பின் அடியில் ஒரு மிடறு கிடந்தது, அதையும் குடித்துவிட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கதை வரவில்லை அவளுக்கு. மருத்துவமாது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினா, "அம்மா, தண்ணி! குடிக்கவும் வேணும், பிள்ளையைக் கழுவவும் வேணும், ஓடுங்கோ!"

நான் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விழாப் பந்தலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்கார மனுசி ஏதோ சொல்ல, மிஸ் அதைத் தமிழில் சொன்னா: "சுத்தமான தண்ணீர் ஒவ்வொரு மனிதருடைய உரிமை." சனம் கைதட்டியது. எங்கள் ஆட்கள் பின்னால் வெயிலில் நின்று கைதட்டினார்கள், அவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

மனோன்மணி நாடாவுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் நின்றா. அந்தப் பட்டுச்சேலையை எல்லா ஷெல்லடிக்குள்ளாலும் கொண்டுவந்திருந்தா.

"நாச்சியார், யசோவுக்கு வலி. ஒரு வாளி ஊத்திவிடுங்கோ."

"இப்பவே? படம் எடுக்கினம் பவளம். பேந்து வா."

"பிள்ளை பேந்து வராது நாச்சியார்."

"பொறன் எண்டுறன்! எங்கட கிணத்தடியில மானத்தை வாங்காதை."

எனக்குள் ஏதோ பிந்தி வைத்த வெடி வெடித்தது. "உங்கட கிணறோ?" என்றேன். மெல்லத்தான் சொல்ல நினைத்தேன், பந்தல் முழுக்கக் கேட்டது. "இதுக்கு அடியில என்ரை மனிசன்ரை ரெண்டு விரல் கிடக்கு. உங்கட ஆக்களின்ரை என்ன கிடக்கு? சொல்லுங்கோ பாப்பம். விரல் ஊறின தண்ணியைத்தான் இவ்வளவு காலமும் விரதத்துக்கும் குடிச்சனீங்கள், அபிசேகத்துக்கும் ஊத்தினனீங்கள்!"

சொல்லிக்கொண்டே நாடாவுக்குள்ளால் நடந்தேன். அது வயிற்றில் பட்டு அறுந்தது. வாளியை இறக்கினேன். கயிற்றைப் பிடித்தேன், நைலோன் கை சுட்டது, கப்பி கீச்சிட்டது. அள்ளினேன், கானில் ஊற்றினேன், திரும்ப அள்ளினேன். தில்லையம்பலத்தார் ஒரு அடி முன்னுக்கு வைத்தார், வெள்ளைக்காரருடைய கமராவைக் கண்டதும் அந்தக் காலை அப்படியே பின்னுக்கு எடுத்துப் பல்லைக் காட்டினார். ஐயரும் பல்லைக் காட்டினார். வெள்ளைக்கார மனுசிக்குக் கண்ணீர் வந்துவிட்டது, நான் நன்றியில்தான் கத்துகிறேன் என்று மிஸ் அவவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். அறுந்த நாடா தோளில் தொங்க, வாயைத் திறந்து பேசிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிற என்னுடைய படம் அன்று பின்னேரமே பெரிதாக அச்சாகி முகாம் வாசலில் தொங்கியது. 'நீர் சிரிக்கிறது, வாழ்வு சிரிக்கிறது' என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அந்தப் படத்தில் மனோன்மணியை நாயே என்று ஏசிக்கொண்டு நிற்கிறேன்.

கான் தளும்ப ஓடினேன். யசோ குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் திரும்புவதற்கு முன்பே பெண் பிள்ளை பிறந்தது. கிணற்றுத் தண்ணீரில் கழுவினோம். கத்தியது, அதற்குப் பிறகுதான் நான் வாயை மூடினேன்.

விழா முடிந்து வாகனங்கள் போனதும் கிணற்றடியில் கூட்டம் கூடியது. கயிற்றில் என்னுடைய கை பட்டுவிட்டது. வேறு கயிறு கேட்டால், ஒரு கிணற்றுக்கு ஒரு கயிறுதான், புதுக் கயிற்றுக்கு மேலிடத்து அனுமதி வரவேண்டும் என்றா மிஸ். தறப்பாள் கயிறுகளை முடிந்து பார்த்தார்கள், எட்டவில்லை. ஒருவர் சேலையை முடிந்து விட்டார், முடிச்சு அவிழ்ந்து சேலையும் கானும் கிணற்றுக்குள் போயின. எங்கள் பகுதிச் சனம் மஞ்சள் வாளியால் அள்ளிக் குளித்துக்கொண்டிருந்தது. தில்லையம்பலத்தாருடைய ஆட்களையும் வந்து அள்ளச் சொன்னோம், உண்மையாகத்தான் சொன்னோம். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. கான்களைத் தூக்கிக்கொண்டுபோய் முகாம் வாசலில், என்னுடைய படத்துக்குக் கீழே, வரிசையாக வைத்துவிட்டு, நிறுத்தப்பட்ட பவுசரைப் பார்த்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி இருந்தார்கள். வராத பவுசருக்காக மானத்தோடு காத்திருந்தார்கள். தளும்புகிற கிணறு முதுகுக்குப் பின்னால் கிடந்தது, தவளை கத்தியது.

முதலில் ஐயர்தான் வந்தார். தன்னுடைய தீர்ப்பைத் தானே நினைவுபடுத்திக்கொண்டு வந்தார். தண்ணீருக்குத்தான் தீட்டில்லையே, யாராவது அள்ளி ஊற்றினால் குடிக்கலாம் என்று சாத்திரம் சொல்வதாகச் சொன்னார். குடித்துவிட்டுப் போய் மற்றவர்களுக்கும் சொன்னார்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் மனோன்மணி வந்தா. சொண்டு வெடித்திருந்தது, யசோவினுடையது போலவே. நான் கிணற்றடியில் பிள்ளையின் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி," என்றா.

நான் துணியைப் பிழிந்தேன்.

"கயித்தைத் தொடேலாது. உனக்குத் தெரியும்தானே. நீ ஒருக்கால் ஊத்திவிடன்."

"கயிறு கடிக்காது, பிடிச்சுப் பாருங்கோ. உங்கட கிணறுதானே?"

தலையை ஆட்டினா. ஒரு கணம் கையை நீட்டினா, நைலோனுக்குக் கிட்டப் போய் அது திரும்பி வந்துவிட்டது. அந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாது. பாத்திரமும் கொண்டுவரவில்லை, என்னுடைய வாளி அதில் முட்டிவிடும் என்று பயம். எட்டத்தில் குனிந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேரே ஏந்தினா.

நான் அள்ளினேன். இரக்கப்பட்டு அள்ளினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், நடுப் பகலில் கிணற்றடியில் ஒரு பொம்பிளை விழுந்து கிடந்தால் துணி தோய்க்க இடைஞ்சல். உயரத்திலிருந்து ஊற்றினேன். அவவுக்கு ஏந்தத் தெரியவில்லை. தண்ணீர் விரலிடுக்கால் ஓடி, முழங்கையால் வழிந்து, மண்ணில் விழுந்தது. வாய்க்கு ஒரு சொட்டும் போகவில்லை. தவித்துப்போய் என்னை நிமிர்ந்து பார்த்தா.

"விரலை நெருக்கிப் பிடியுங்கோ நாச்சியார்," என்றேன். "பழகப் பழக வரும்."